எங்கள் வீட்டுக்கு இறக்கிய ஓடுகள்

“அது நம்மகிட்டத்தான் பேசாது.”

குழாயடியில் ருக்குமணி அக்கா சொன்னது இது. நான் பக்கத்துக் குளியலறையில், தகரக் கதவுக்கு உள்ளே இருந்தேன். அவருக்கு அது தெரியாது. குடம் நிரம்புகிற சத்தத்தையும் மீறித் தெளிவாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ “மெதுவாப் பேசு” என்றார்கள். நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

என்னைத்தான் சொன்னார். இந்த மில் லைன் வீடுகளில் அதிகம் பேசாதவள் நான் ஒருத்திதான். “பேரு மட்டும் கோகிலா, ஒரு சத்தத்தையுங் காணோம்” என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்வார்கள். காலேஜுக்குப் போன பிறகு அதுவே படித்த திமிர் என்று ஆகிவிட்டது. அன்றைக்கும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் அக்கா. அந்தப் பக்கம் வேண்டாம், அங்கே சொட்டும். இப்படிச் சுவரோரமாக வாருங்கள். தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருக்கும், பேச்சு கேட்காவிட்டால் சொல்லுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே பார்த்திருப்பீர்கள். லைன் முழுக்கச் சிவப்பு ஓடு. ஒரு வீட்டுக்கு மட்டும் நீலத் தார்ப்பாய். அது ஏன் என்று கேட்கத்தான் இங்கே நுழைந்தீர்கள். எங்களுக்குக் கூரை மாற்றிக் கொடுத்த இதே டிரஸ்ட்தான் உங்கள் ஊர் லைன் வீடுகளையும் எடுத்துச் செய்யப்போகிறது, அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வா என்று உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல காரியம். எங்களுக்கு அப்படி யாரையாவது அனுப்பத் தோன்றவில்லை.

மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டீர்களா? பச்சைக் கதவு வீட்டில் முறுக்கு கொடுத்திருப்பார்களே. அந்த வீட்டுக்காரர் குடிப்பார். காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கிணற்றோர வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்களே இரண்டு பேர், அவர்களில் இருமிக்கொண்டிருந்தவர்தான் என் அம்மா. பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறார். வரச் சொன்னாலும் வரமாட்டார்.

தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு நன்றாக வரும். தெரிந்தவர்களிடம்தான் வராது.

மில் மூடியபோது நான் மூன்றாம் வகுப்பு. வீடுகள் தொழிலாளர்களுக்கே என்று ஒப்பந்தம் ஆனது. வீடு கிடைத்தது, ஆனால் அதைப் பழுதுபார்க்க யாரிடமும் வழி இல்லை. இந்த வீடுகளின் அமைப்பு அப்படி. மேலே ஒரே நீளக் கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். ஒருவர் வீட்டில் ஓடு உடைந்தால் அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கும். ஒருவர் மட்டும் சரிசெய்து பயனில்லை. எல்லாரும் சேர்ந்து செய்யவேண்டும். எல்லாரும் சேர்வது எங்கே நடக்கிறது?

அம்மா மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் டிபார்ட்மென்டில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. சுவர் காய்ந்திருந்தால் மூச்சு பரவாயில்லை. ஐப்பசியில் சுவர் ஊறத் தொடங்கினால் உட்கார்ந்தபடிதான் தூங்குவார். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை அக்கா. அம்மாவின் தலைக்கு மேலே நனையாத ஒரு கூரை. அவ்வளவுதான் கேட்டேன்.

டிரஸ்ட் வந்தபோது எல்லாரையும் விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நான்தான். அவர்கள் சொன்ன ஏற்பாடும் எனக்குப் பிடித்திருந்தது. ஓடு, மரச்சட்டம், ரீப்பர், சிமெண்ட் எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள். ஆசாரியையும் கொத்தனாரையும் அனுப்புவார்கள். சித்தாள் வேலைக்குக் கை மட்டும் எங்களுடையது. எந்த வீட்டில் வேலை நடந்தாலும் வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்கவேண்டும். இன்று உனக்கு, நாளை எனக்கு.

டிரஸ்டுக்கும் லைனுக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலுச்சாமி அண்ணனைத்தான் போடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மில் காலத்தில் சங்கத் தலைவராக இருந்தவர், இன்றைக்கும் தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவரிடம்தான் போய்ச் சொல்வோம். ஆனால் பிரபாவதி மேடம் என்னைத் தேர்ந்தெடுத்தார். டிரஸ்டில் இந்தத் திட்டத்தையே நடத்துகிறவர் அவர். “அதிகம் பேசறவங்க வேண்டாம். கவனிக்கறவங்கதான் வேணும்” என்றார். அந்த வார்த்தையை நான் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

யார் வீட்டில் முதலில் தொடங்குவது என்ற பேச்சு வந்தது. வேலுச்சாமி அண்ணன்தான் முடிவு சொன்னார். “கல்யாண ஊட்டுக்காரங்க கடைசிப் பந்திலதான உக்காருவாங்க. முன்னால நின்னு நடத்தற அம்மிணி ஊடு கடைசில இருக்கட்டும்.” எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான். நாங்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம்.

இங்கே யாரும் யாரையும் ‘வேலைக்கு வா’ என்று கூப்பிடமாட்டார்கள். மில்லில் அந்த வார்த்தையைச் சூப்பர்வைசர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டதாம். ‘நாளைக்கு எங்கூட்டுக்கு டீ குடிக்க வாங்க’ என்றுதான் கூப்பிடவேண்டும். யார் வீட்டு வேலையோ அந்த வீட்டுப் பெண் முந்தின நாள் சாயங்காலம் வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். மறுநாள் காலையில் பெரிய பாத்திரத்தில் டீ கொதிக்கும். குடித்துவிட்டு எல்லாரும் சும்மாடு கட்டுவார்கள்.

அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. பொய் சொல்லக் கூடாது. வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றிக் கூரைக்கு ஏற்றும்போது வேலுச்சாமி அண்ணன் சங்கத்துக் கோஷம் மாதிரி “வாங்கு, வாங்கு, ஒடையாம வாங்கு” என்று கத்துவார். ருக்குமணி அக்கா ஆசாரியைப் பார்த்து, “ஏனுங் ஆசாரி, இந்த ஓட்டம் ஓடறீங்களே, ஊட்டுல இதுல பாதி வேகமாவது இருக்குதுங்களா?” என்பார். ஆசாரி கூரை மேலிருந்தே கும்பிடு போடுவார். அம்மா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் மணல் சலித்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன். “நம்மூடு கடைசீல வரும்போது அவங்க வருவாங்கல்ல” என்றார். ஒரு வீட்டையும் விடவில்லை.

வாரத்துக்கு ஒருநாள் நான் மேடத்தின் அலுவலகத்துக்குப் போவேன். அது எனக்குப் பிடித்த நாள். மேடம் ஃபேனைப் போட்டுவிட்டு, எதிரே உட்காரவைத்து, ஃபில்டர் காபி கொடுப்பார். வேலை எவ்வளவு முடிந்தது என்றெல்லாம் கேட்கமாட்டார். அதெல்லாம் கொத்தனார் சொல்லிவிடுவார். “இந்த வாரம் நீ என்ன பார்த்தே, கோகிலா?” என்று கேட்பார். இருபத்துமூன்று வயது வரைக்கும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை அக்கா. நீங்களே சொல்லுங்கள், உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

பார்த்ததைச் சொல்வேன். யார் கடைசிக் குவளை டீக்கு மட்டும் வருகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, இப்படி. யாரைப் பற்றியும் நான் குறையாகச் சொன்னதில்லை. குறை சொல்வது வேறு, பார்த்ததைச் சொல்வது வேறு.

அப்படித்தான் மாராத்தாள் பெரியம்மா வீட்டுப் பேச்சும் வந்தது. கிணற்றோர வீடு என்று சொன்னேனே, அது அவருடையதுதான். தனி ஆள். அம்மாவும் அவரும் ரீலிங்கில் பக்கத்துப் பக்கத்து மெஷின். நான் பிறந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, என்னைப் பத்துநாள் வைத்திருந்தவர் அவர்தான் என்று சொல்வார்கள். அவர் முன்னறையை ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிற இரண்டு ஒடிசாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்வார். டிரஸ்ட் விதிப்படி வாடகைக்கு விட்ட வீட்டைச் செய்யமாட்டார்கள். அதனால் டிரஸ்ட் ஆட்கள் வருகிற நாளில் அந்தப் பையன்களின் பெட்டிகள் வேலுச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். துணிகள் ருக்குமணி அக்கா வீட்டுக் கொடிக்குப் போய்விடும். லைன் மொத்தமும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது.

ருக்குமணி அக்கா வீட்டில் ஆம்பிளைகளே கிடையாது. அவரும் அவருடைய இரண்டு பெண்களும்தான். அந்தக் கொடியில் இரண்டு ஜீன்ஸ் பேண்ட் காய்ந்துகொண்டிருந்தன. மேடம் அதைத் தாண்டித்தான் போனார், பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த முறை போனபோது ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். மேடமும் சிரித்தார். “உன் கண்ணுலேர்ந்து ஒண்ணும் தப்பாது” என்றார். பிறகு, யார் துணி அது என்று கேட்டார். கேட்டார், சொன்னேன். கேட்டால் சொல்லாமல் எப்படி இருப்பது?

உன் பெயர் வெளியே வராது என்றும் சொன்னார். நான் அதைக் கேட்கக்கூட இல்லை. அவராகத்தான் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் மாராத்தாள் பெரியம்மா வீடு திட்டத்தில் இல்லை என்று மேடம் அறிவித்தார். பெரியம்மா எழுந்து நின்றார். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் சமையக்கட்டுல படுத்துக்கறனுங்க. முன்னறைய மட்டுந்தானுங்க உட்டிருக்கறன். அந்தப் பசங்க குடுக்கறதுலதானுங்க மாத்திரை வாங்கறன்.”

மேடத்துக்கும் வருத்தம்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. “யாரும் எங்ககிட்ட வந்து புகார் சொல்லலை. உங்க லைன் ஆள் ஒருத்தர் பேச்சுவாக்குல சொன்னது” என்றார். எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

மேடம் அந்த அளவுக்காவது சொல்லாமல் இருந்திருக்கலாம். அது எனக்கு அன்றைக்கே வலித்தது. ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை. அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

குழாயடியில் நான் கேட்ட பேச்சு அதற்கு அடுத்த நாள். அதற்குப் பிறகு நான் குடத்தோடு போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். ‘அம்மிணி புடிச்சுட்டுப் போகட்டும், வழி உடுங்க’ என்று மரியாதையாக விலகுவார்கள். டிரஸ்டில் எனக்கு நிரந்தர வேலை கிடைக்கப்போகிறது என்று ஒரு பேச்சு அப்போது உலவியது. பொறாமை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு என்ன இருக்க முடியும்?

ஒவ்வொரு வீடாக முடிந்துகொண்டே வந்தது. அம்மா மணல் சலித்துக்கொண்டே இருந்தார். அவரிடம் எல்லாரும் எப்போதும்போலப் பேசினார்கள், வெற்றிலை கொடுத்தார்கள். கிணற்றோர வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும்தான் பழைய கூரை என்ற நிலை வந்தது. அந்தச் சமயத்தில் டிரஸ்ட் திறப்பு விழா வைத்துவிட்டது. எங்கள் வீடு முடியட்டும் மேடம் என்று கேட்டேன். வருகிறவர்களுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது, ஓடும் சட்டமும் இறக்கிவிட்டோமே, ஒரே நாள் வேலைதானே என்றார். லைன் முகப்பில் நின்று போட்டோ எடுத்தார்கள். கூட்டத்தில் என்னை முன்னால் தள்ளிவிட யாரும் இல்லை. அந்தப் போட்டோவில் நான் இல்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், உங்கள் ஊரில் காட்டியிருப்பார்கள்.

விழா முடிந்த மறுநாள் ஆசாரி வந்து எங்கள் வீட்டுப் பழைய ஓட்டைப் பிரித்தார். சட்டமெல்லாம் கரையான். தொட்டாலே உதிர்ந்தது. நானும் அம்மாவும் இறக்கினோம். மத்தியானத்துக்குள் வீடு வானத்தைப் பார்த்து நின்றது. வாசலில் புது ஓடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா ஒரு ஓட்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார். மணி மாதிரி கேட்டது. “நல்லா வெந்திருக்குது” என்றார். அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள்.

சாயங்காலம் நான் டீக்கு அழைக்கப் போனேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, வார்த்தையை மனதில் சொல்லிப் பார்த்து, பிறகு கதவைத் தட்டுவேன்.

பச்சைக் கதவு வீட்டில், டாக்டர் டீ குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வீட்டில் பால் வயிற்றுக்குச் சேரவில்லையாம். ஒருவர் விரதம். சஷ்டிகூட இல்லை அன்று. வேலுச்சாமி அண்ணன் மட்டும் எழுந்து வாசல் வரை வந்தார். “டீ உட்டுட்டனம்மா” என்றார். என்னைப் பார்க்காமல் தூரத்தில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காலையில்தான் பேக்கரி முன்னால் டீ கிளாஸும் கையுமாக நின்றதைப் பார்த்திருந்தேன்.

ருக்குமணி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“மாராத்தாளும் ஒரு நாள் டீ வெக்கலாம்னுதான் பாத்துட்டு இருந்தா, அம்மிணி.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரியவில்லை. பெரியம்மா வீடு விதியால் போனது. விதியைப் போட்டது டிரஸ்ட். அதற்கு எங்கள் அம்மா நனையவேண்டுமா? அவர்கள் எல்லார் வீட்டுக்கும் மணல் சலித்த கை அது. ஒருவருக்காவது ஞாபகம் இருக்கவேண்டாமா?

மேடத்துக்குப் போன் செய்தேன். இரண்டாவது தடவைதான் எடுத்தார். யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், நான்கு ஆட்களை அனுப்புங்கள் மேடம் என்றேன். அழுதுவிட்டேன். மேடம் பொறுமையாகத்தான் பேசினார். “கூட்டு முயற்சின்னா கை உங்களோடதா இருக்கணும்மா. நாங்களே ஆள் அனுப்பினா அப்புறம் இந்தத் திட்டத்துக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். உங்க ஜனங்களை நீதான் பேசி அழைச்சுக்கணும்.” பேசி அழைத்துக்கொள்ளவேண்டுமாம். அதிகம் பேசாதவள்தான் வேண்டும் என்று என்னை எடுத்தவர் சொல்கிறார். புது ஊரில் வேலை தொடங்கப்போவதாகவும், பிறகு பேசுவதாகவும் சொல்லி வைத்துவிட்டார். புது ஊர் உங்கள் ஊர்தான்.

அங்கேயும் யாராவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் காபி கொடுப்பார். நல்ல காபி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் நான் டீ போட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் போட்டேன். வரமாட்டேன் என்றவர்கள் கொதிக்கிற வாசனைக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. லைனிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, அடுப்பை வாசலிலேயே வைத்தேன். ஆசாரி வந்து சட்டத்தின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். வானம் மூடிக்கொண்டு வந்தது. எதிர் வாசல்களில் எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தர் கோலம் போட்டார், ஒருத்தர் சைக்கிளைத் துடைத்தார். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

டீயில் ஆடை கட்டியது.

அம்மா வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். என்னிடம், “எல்லாத்தையுங் கூப்புட்டயா?” என்றார். கூப்பிட்டேன் என்றேன். ருக்குமணி அக்கா சொன்னதையும் சொன்னேன். அவர்களுடைய மனதைப் பாருங்கள் என்று காட்டத்தான் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினார். அவரிடம் மட்டும் அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை போல.

“மாராத்தா ஊட்டுல பசங்க இருக்கறத அந்த மேடத்துகிட்ட ஆரு சொன்னா?”

“கேட்டாங்கம்மா. சொன்னேன்.”

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினார். மூக்கில் துண்டைக் கட்டினார். வேலை தொடங்கப்போகிறார் என்று நானும் எழுந்தேன். குனிந்து ஓடுகளை எடுத்து அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டார். எங்கள் கூரைப் பக்கம் வரவில்லை. லைன் நடுவாக நடந்து கிணற்றோர வீட்டுக்குப் போனார். மாராத்தாள் பெரியம்மா வாசலில் இறக்கினார். இருமினார். திரும்பி வந்தார். மறுபடியும் எடுத்தார்.

“அம்மா, அது நம்ம ஓடு” என்றேன்.

மழைக்கு முன்னால் வருகிற காற்று அடித்தது. நான் சொன்னது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. மூன்றாவது நடையில் ருக்குமணி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போய்க் குவியலில் கை வைத்தார். அப்புறம் வேலுச்சாமி அண்ணன். அப்புறம் அந்த ஒடிசாப் பையன்கள் இரண்டு பேரும் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த சட்டையோடு வந்து சட்டங்களைத் தோளில் ஏற்றினார்கள். எங்கள் வாசலிலிருந்து கிணறு வரைக்கும் வரிசை நின்றுவிட்டது. ‘வாங்கு, வாங்கு, ஒடையாம வாங்கு.’ ஆசாரி பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். என்னைப் பார்த்து, “ஓடு எங்க போகுதோ அங்கதானம்மா நமக்கு வேலை” என்று சொல்லிவிட்டு உளிப்பையை எடுத்துக்கொண்டு போனார். நான் நிலைப்படியில் நின்றேன். யாரும் என்னைத் தள்ளவுமில்லை, கூப்பிடவுமில்லை. வாசலில் ஓடு இருந்த இடத்தில் சிவப்புத் தூள் மட்டும் கிடந்தது.

கடைசியாக அம்மா ஒரு தடவை திரும்பி வந்தார். என்னிடம்தான் ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். அடுப்பை மூட்டி டீயை மறுபடி சூடாக்கினார். ஆடையை எடுத்துப் போட்டார். முந்தானையால் பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, சிந்தாமல் மெதுவாக நடந்து, மாராத்தாள் பெரியம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார்.